என்ன சுமை தூக்கியது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் ஞாயிற்றுக்கிழமை வரும் வரி விளம்பரப் பக்கத்தை, தலைப்புச் செய்திக்கு முன்னால் படிக்கிற ஆள் நான். பழைய பிக்கப் வண்டி விளம்பரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். 'சிங்கிள் ஓனர், எஃப்.சி. கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட், நாலு டயரும் புதுசு, எஞ்சின் நல்ல கண்டிஷன், நேரில் வரவும்.' (எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்கிற அரசுச் சான்று.) இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் 2019 ஆடி மாதம் ஒரு வண்டி வாங்கினேன். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் கூத்து.

அரவக்குறிச்சிப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் முருங்கை. காய் இறங்குகிற மாதங்களில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வாடகை டெம்போ வைத்தே பாதிக் காசு போய்விடும். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் அக்கம்பக்கத்துக் காட்டுக் காயையும் ஏற்றிப் போகலாம் என்று ஒரு கணக்கு. 2012 மாடல், மீட்டரில் 71 ஆயிரம் கிலோமீட்டர், விலை 2 லட்சத்து 85 ஆயிரம். எஞ்சினை டீசலில் கழுவி, பளபளவென்று வைத்திருந்தார்கள். ஸ்டார்ட் பண்ணினால் ஒரே பிடியில் பிடித்தது. அடியில் குனிந்தும் பார்த்தேன். புதுச் செருப்பு மாதிரி கறுப்பாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்தேன்.

முதல் மழையில் ஒரு வாசம் வந்தது. சீட்டுக்கு அடியிலிருந்தா, பின்னாலிருந்தா என்று பிடிபடவில்லை. 'கோழிப் பண்ணைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குதுங்க' என்றாள் வீட்டுக்காரி. ஊதுவத்தி வாங்கி டேஷ்போர்டில் செருகினேன்.

நாலாவது மாதம், விடிகாலை இரண்டு மணிக்கு, ஒரு டன் காயோடு இடையகோட்டை தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் வண்டி இடது பக்கமாகவே இழுத்தது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், பின் கமான் பட்டை (சுமை தாங்குகிற வில்பட்டை) மாட்டியிருக்கிற இடத்துக்கு ஒரு சாண் முன்னால் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) கிழிந்து வாய் பிளந்திருந்தது. காயை வேறு வண்டிக்கு மாற்றி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்து, வந்த விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர் உளியை எடுத்து அந்தக் கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டினார். பெயின்ட்டோடு சேர்ந்து இரும்பும் வந்தது. அப்பளம் மாதிரி, ஏடு ஏடாக. கையில் எடுத்து நொறுக்கிக் காட்டினார். உள்ளே ஏற்கெனவே ஒரு தகடு வைத்து ஒட்டியிருந்த தழும்பு தெரிந்தது. 'இது கறிக்கோழி ஓடுன வண்டிங்க' என்றார். கோழியை இறக்கிய பிறகு தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். எச்சமும் தண்ணீரும் கலந்து பலகை இடுக்கு வழியாகச் சேசிஸ் மேல்தான் வடியும். அத்தனை வருஷமும் அது ஊறி ஊறி இரும்பைத் தின்றிருக்கிறது. சிங்கிள் ஓனர் உண்மைதான், ஒரே கோழி வியாபாரி. டயர் புதுசு என்பதும் உண்மை. பழைய டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்த சங்கதி தெரிந்துவிடும் அல்லவா, அதற்குத்தான் புதுசு.

எஃப்.சி.யும் கரண்ட்தான். இதில் நிறையப் பேருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அன்றைக்கு ஆய்வாளர் முன்னால் லைட் எரிந்தது, பிரேக் பிடித்தது, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லாது.

சேசிஸ் வேலைக்கு 68 ஆயிரம் செலவு செய்து, ஒரு வருஷம் பயந்து பயந்து ஓட்டி, 1 லட்சத்து 40 ஆயிரத்துக்குத் தள்ளினேன். விற்கும்போது, பழைய வண்டி வாங்கி விற்கிற ஒரு கன்சல்டிங்காரர் வந்து, 'அடியில ஒரு கோட்டு கறுப்பு அடிச்சுட்டா இன்னொரு முப்பது சேர்ந்து வருமுங்க' என்றார். நான் அடிக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, வாங்க வந்தவர் பக்கத்து ஊர்க்காரர், தினமும் முகத்தில் முழிக்க வேண்டும்.

ஆனால் வேறொரு தப்புச் செய்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு சரி, பெயர் மாற்றினார்களா என்று பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து சேலத்திலிருந்து அபராதச் சீட்டு என் போனுக்கு வந்தது. அபராதமாவது பரவாயில்லை. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் அந்த வண்டி யார் மேலாவது ஏறியிருந்தால் என் முருங்கைக் காடு போயிருக்கும். வாங்குகிறவர்கள் ஃபைனான்ஸ் பாக்கி தீர்ந்ததற்கான படிவம் 35-ஐயும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், தெரிந்தும் விடுகிறோம்.

சரி, இரண்டாவது வண்டிக்கு வருகிறேன். 2022-இல் எடுத்தது, இன்றைக்கும் ஓடுகிறது. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, கரூரில் நாற்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிற ஒரு அண்ணன்தான் தேர்ந்தெடுத்தார். அவரோடு ஆறு வண்டி பார்க்கப் போனேன். எல்லாமே ஓடுகிற வண்டி. போலேரோ, தோஸ்த், குட்டி யானை என்று கலவையாக.

முதல் வண்டியைக் காலை ஏழு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கே போய் நின்றோம். அண்ணன் பேனட்டைத் தூக்கி எஞ்சின் மேல் கையை வைத்தார். சூடாக இருந்தது. 'தம்பி, இது நமக்கு முன்னாடியே எந்திரிச்சுப் பல்லு வெளக்கிருச்சு' என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தார். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறத்தில் வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறதாம். முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தமாம். கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ, செலவு பண்ணினால் சரியாகும். நீலப் புகை என்றால் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்தால் பரவாயில்லை, பத்து நிமிஷம் ஓடியும் நிற்காமல் வந்தால் கிளம்பிவிட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) டீசல் வண்டிகளில் புகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறார். அதில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எல்லாம் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எஞ்சின் விளக்கு எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வண்டியில், எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அந்த ஓட்டை மேலேயே சும்மா வைத்தார். மூடி தட்டாமாலை சுற்றுகிற மாதிரி ஆடி, துள்ளிக் கீழே விழுந்தது. எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்து காற்று கீழே வருகிறது என்று அர்த்தம். 'எஞ்சின் வேலைக்குத் தனியாக ஒரு லட்சம் எடுத்து வெச்சுக்கிறீங்களா?' என்றார். விற்க வந்தவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் அண்ணன் ரொம்ப நேரம் செலவழித்தது எஞ்சினில் இல்லை. பழைய சாக்கு ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் சேசிஸை முன்னாலிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். துரு தின்ற இடமோ, தகடு வைத்து ஒட்டிய இடமோ 'தப்' என்று அடங்கிவிடும். என்னையும் படுக்க வைத்துக் கேட்கச் சொன்னார். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்கவே மறக்காது. கமான் பட்டையை எண்ணினார். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு பட்டை கூடச் செருகியிருந்தால் அந்த வண்டி எம்-சாண்டோ செங்கல்லோ தூக்கியிருக்கிறது. ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் போட்டு ஓட்டினவர்கள்தான் பட்டை சேர்ப்பார்கள். அந்தச் சுமையைப் பட்டை மட்டும் தாங்கினால் போதுமா? அச்சு, கிரவுன் (பின் அச்சில் இருக்கிற பல்சக்கரம்), கிளட்ச், பிரேக் எல்லாமே அல்லவா தாங்கியிருக்கும்!

டயர் பக்கவாட்டில் கடைசியாக நாலு எண் இருக்கும். 3216 என்று போட்டிருந்தால் 2016-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்தது. புது டயர் என்று சொல்லி விற்ற வண்டியில் இதைப் படித்துக் காட்டினால் பேரம் தானாக இறங்குகிறது. சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டும் பார்த்துவிட வேண்டும். மீட்டரை மட்டும் அண்ணன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கேட்டதற்கு, ஒரு வண்டியின் பிரேக் பெடல் ரப்பரைக் காட்டினார். அது மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது, மீட்டரில் 58 ஆயிரம்தான். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிற சரக்கு வண்டி வருஷத்தில் 300 நாள் ஓடினாலே 24 ஆயிரம் ஆகிவிடும். ஆறு வருஷ வண்டியில் 58 ஆயிரம் என்றால், பாதி நாள் வீட்டில் தூங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் தூங்கியிருக்க வேண்டும்.

கடைசியில் நாங்கள் எடுத்த வண்டியின் மீட்டரில் 1 லட்சத்து 83 ஆயிரம் இருந்தது. எனக்கு மனசே வரவில்லை. கரூரில் ஒரு ஜவுளி கம்பெனி வண்டி அது. தறிக் கொட்டகையிலிருந்து பெட்ஷீட் துணிக் கட்டுகளைச் சாயத்துக்கும் தையலுக்கும் கொண்டுபோய்த் தருவது மட்டும்தான் அதன் வேலை. துணிக்கட்டு இடத்தை அடைக்கும், எடை அவ்வளவாக இருக்காது. நனையக் கூடாது என்பதால் எப்போதும் நிழலில் நின்ற வண்டி. அண்ணன் அதை ஓட்டுகிற டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'கடைசியா எப்பப்பா படுத்துச்சு?' இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளட்ச் பிளேட் போனது, ஒரு மழைக்கு ஆல்டர்னேட்டர் போனது என்று அவர் வரிசையாகச் சொன்னார். ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன் என்று பிறகு அண்ணன் சொன்னார். அதோடும் விடவில்லை. பக்கத்துக் கடையில் 15 புண்ணாக்கு மூட்டை ஏற்றி, மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றி இறக்கி, அறுபதில் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிரவுனில் ஊளைச் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கை கொடுத்தார். காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் ஓட்டாமல் இருப்பதும் ஒன்றுதானாம். இன்றைக்கு மீட்டர் 2 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு முறை வழியில் நின்றது, அதுவும் டீசல் தீர்ந்துபோய், என் தப்பு.

இப்போது இதை எழுதக் காரணம் என் மச்சினன். போன வருஷம் தூத்துக்குடி பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியைச் சல்லிசாகப் பேசிவிட்டு என்னையும் கூட்டிப் போனான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளம் எனக்கு ஞாபகம் வந்தது. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் சேறு காய்ந்த கோடு இருந்தது. சீட்டை மாற்றி, மேட்டை மாற்றி, வாசத்துக்கு எலுமிச்சை பாட்டில் வைத்தவர்களுக்குச் சீட் பெல்ட் ஞாபகம் வரவில்லை. அந்தக் கரையோரத்தில் மீன் ஏற்றின வண்டிகளும் உண்டு. ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்தால் என் கோழி வண்டி அதற்குத் தேவலை.

ஆகவே உங்களிடம் ஒரு கோரிக்கை. வரி விளம்பரப் படிவத்தில் மாடல், எஃப்.சி., விலை என்று கட்டம் போட்டிருக்கிறீர்கள். அதில் 'ஏற்றிய சுமை' என்று ஒரு கட்டம் சேர்க்க முடியுமா? பொய் எழுதுகிறவர்கள் எழுதத்தான் செய்வார்கள். ஆனால் துணி என்று அச்சில் போட்டுவிட்டு, உளி பட்டதும் உப்பு வந்தால், வாங்க வந்தவன் பேப்பரைக் காட்டிச் சண்டையாவது போடலாமே.

அடுத்த தையில் இந்த வண்டியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரிய வண்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன். அந்தக் கட்டம் வந்தால் என் விளம்பரத்துக்கு இப்போதே வாசகம் தயார்: 'ஐந்து வருஷம் துணி, பிறகு முருங்கைக்காய். இடையில் அண்ணன் வீடு கட்டியபோது எம்-சாண்ட், ஒன்பது நடை. சாக்கும் சுத்தியலும் கொண்டு வரவும்.'

இப்படிக்கு,
ஒரு முருங்கை விவசாயி,
அரவக்குறிச்சி வட்டம், கரூர் மாவட்டம்.