ஆயிரம் முறை கேட்டால்தான் காசா?

ஆசிரியருக்கு,

ஸ்பாட்டிஃபை என்ற இணைய இசைத் தளத்தில் ஒரு பாடல் 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால், அந்தப் பதிவுக்கு ராயல்டி (உரிமைத்தொகை) கிடையாது. 2024 முதல் இதுதான் விதி. திரைப்பாடல்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அடி விழுவது சிற்றூர் நாகஸ்வரக் கலைஞருக்கும் கூத்துப் பாடகருக்கும்தான். 900 முறை கேட்கப்பட்டாலும் அவருக்குச் சேர வேண்டியது மற்ற பாடல்களுக்குப் போய்விடுகிறது. இது அநியாயம்.

ஒலிநாடா காலத்தில் கச்சேரி மண்டப வாசலிலேயே மேசை போட்டு விற்பார்கள். ஐம்பது பேர் வாங்கினால் ஐம்பது பேரின் காசும் அங்கேயே கைக்கு வரும். அட்டையைத் திருப்பினால் வயலின் யார், மிருதங்கம் யார் என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஒலிநாடாவைத் தேடிப் போவோம். இன்று செயலிகளில் பழைய கர்நாடக இசைப் பதிவுகள் பலவற்றில் பாடகர் பெயர் மட்டுமே இருக்கிறது; பக்கவாத்தியக்காரர்களைக் காணோம். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்திய நாட்டில், வாசித்தவர் பெயரைப் போடக்கூடவா மனம் வரவில்லை?

வரும் மார்கழியிலாவது சபாக்கள் தங்கள் வாசலில் கலைஞர்களுக்கு வாடகையின்றி ஒரு மேசை தர வேண்டும். குறுந்தகடோ பென் டிரைவோ, எதில் விற்றாலும் சரி. தோடி ராகத்தில் நனைந்து வெளியே வரும் ரசிகர் அந்த நேரத்தில் 200 ரூபாய் கொடுக்கத் தயங்க மாட்டார்.

– ஒரு வாசகர், கும்பகோணம்