லெமான் ஏரிக்கரைக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கோடைச் சுற்றுலாப் பகுதியில், சுவிட்சர்லாந்துக்குக் குடும்பத்தோடு செல்வோருக்கான எட்டு நாள் பயணத் திட்டம் ஒன்று வெளியாகியிருந்தது. அதில் லெமான் ஏரிக்கு, அதாவது ஜெனீவா ஏரி என்று நாம் பள்ளியில் படித்த ஏரிக்கு, ஒதுக்கப்பட்டிருந்த நேரம் அரை நாள். ஜெனீவா நகரின் நீரூற்றும் ஷியோன் கோட்டையும் அந்த அரை நாளில் அடங்கிவிட்டன. லோசான் நகரின் கிழக்கு எல்லையிலிருந்து அந்தக் கோட்டை வரை சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏரியின் வடகரையில் படிப்படியாக ஏறி நிற்கும் லாவோ திராட்சைத் தோட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் என்ற இரு உரிமைகளோடும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு நானும் என் கணவரும் முதன்முதலாக அந்தப் பக்கம் போனோம். எங்கள் பேருந்து மலைச்சரிவின் மேல்பகுதியில் ஓடும் நெடுஞ்சாலை வழியாகவே சென்றது. கீழே கல் சுவர்களும் கொடி வரிசைகளும், அவற்றுக்கும் கீழே நீலமாக ஏரியும், அக்கரையில் பிரான்சு நாட்டு சவோய் மலைகளும் ஜன்னல் வழியே ஏறக்குறைய பத்து நிமிடம் தெரிந்தன. இறங்கிப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டதற்கு, திட்டத்தில் இல்லை என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் கொடியோடு பழகிய மனிதர் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை. மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில், எந்தக் குழுவும் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் மறுபடி போய் நான்கு இரவுகள் தங்கினோம்.

அந்தத் தோட்டங்களின் இன்றைய அடுக்குகள் 11ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்பவை. பெனடிக்டின், சிஸ்டர்சியன் என்ற கிறித்தவத் துறவியர் மடங்களின் ஆளுகையில் அந்தச் சரிவு இருந்த காலம் அது. சரிவு மிகச் செங்குத்தானது என்பதால், மண் வழிந்து ஏரிக்குள் போகாதபடி கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னால் மண்ணை நிரப்பி, அதில் கொடி நட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலில் கொடியைப் படரவிடுகிறோம். அங்கே கொடி இடுப்பளவு, மிஞ்சினால் தோளளவு உயரத்தில் வரிசையாக நிற்கிறது. நம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கோ ஆண்டுக்கு ஒரே அறுவடை, அதுவும் சில வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். தங்கள் கொடிக்கு மூன்று சூரியன்கள் என்று அவர்கள் சொல்வது வழக்கம்: வானத்தில் இருப்பது ஒன்று, ஏரி நீரில் பட்டு எதிரொளிப்பது இரண்டாவது, பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் வெளிவிடும் கல் சுவர் மூன்றாவது. மாலை ஏழு மணிக்கு ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது, அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த தோசைக்கல்லைப் போல் வெதுவெதுப்பாக இருந்தது.

இந்த நிலம் இன்றும் தோட்டமாகவே இருப்பது தானாக நடந்த காரியமன்று. ஏரியைப் பார்த்த சரிவில் வீடு கட்ட விரும்பாதவர் யார்? ஃபிரான்ஸ் வேபர் என்ற சூழலியலாளர் முன்னெடுத்த இயக்கத்தின் விளைவாக, 1977இல், லாவோ அமைந்திருக்கும் வோ மாநிலத்தின் மக்கள் வாக்களித்து, லாவோவைக் காக்கும் விதியை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 2005இல் மறுபடியும் வாக்களித்து அதை உறுதி செய்தார்கள். யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது அதற்குப் பின்னர்தான், 2007இல். திராட்சைத் தோட்டங்கள் மனைப் பிரிவுகளாக மாறுவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, ஷியோன் கோட்டையைவிட இந்தச் செய்தியே பெரிதாகப்பட்டது.

இனி, போக விரும்புவோருக்கு என் அனுபவத்திலிருந்து சில. ஜெனீவா விமான நிலையத்திலிருந்து லோசானுக்கு நேரடி ரயில் உண்டு. முக்கால் மணி நேரப் பயணம். லோசானிலிருந்து வெவே நகர் நோக்கிச் செல்லும் உள்ளூர் ரயில், கரையோரமாக லூத்ரி, குய்யி, எப்பெஸ், ரிவா, சென் சஃபோரான் என்று சிற்றூர் சிற்றூராக நின்று போகிறது. ஆகவே கார் வாடகைக்கு எடுக்கத் தேவையே இல்லை. தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலைகள் மிகக் குறுகியவை. அறுவடைக் காலத்தில் அவை விவசாயிகளின் வண்டிகளுக்கே வேண்டும். லூத்ரியிலிருந்து சென் சஃபோரான் வரை தோட்டங்களுக்கு ஊடாக நடந்தால் சுமார் 11 கிலோமீட்டர். மஞ்சள் பலகைகள் வழியையும், நடக்கப் பிடிக்கும் நேரத்தையும் காட்டுகின்றன. மூட்டு வலி உள்ள நான் அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டேன். களைத்த இடத்தில் இறங்கினால் கீழே ஒரு ரயில் நிலையம் இருக்கும் என்ற துணிவே போதும். நிழல் கிடையாது, தொப்பி அவசியம். ஊருக்கு ஊர் இருக்கும் கல் தொட்டிக் குழாய்களில், குடிக்கக்கூடாது என்ற பலகை இல்லாவிட்டால், தண்ணீரைத் தயங்காமல் பிடித்துக்கொள்ளலாம்.

செங்குத்தான இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் சிறிய இயந்திரம் ஒன்று திராட்சைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஊர்ந்து ஏறுவதை அறுவடையின்போது காணலாம். ரிவாவுக்கு அருகே ஒரு வரிசையின் ஓரத்தில் நின்று என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க, அங்கே வேலை செய்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். அவருக்குத் தமிழோ ஆங்கிலமோ தெரியாது. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. கைப்பேசியில் இருந்த எங்கள் பந்தல் படங்களைக் காட்டியதும், இருவரும் விரல்களை வைத்தே கவாத்து பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவரே ஒரு கொத்தைப் பறித்துக் கொடுத்தார். ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை. தோல் மெல்லியது, பன்னீர் திராட்சையின் மணம் இல்லை, ஆனால் தேன் போன்ற இனிப்பு. யாரும் கொடுக்காமல் நாமாகப் பறிப்பது தவறு. வேலி இல்லை என்பதற்காகக் கையை நீட்டக்கூடாது.

ஒயின் விளையும் ஊர் என்ற ஒரே காரணத்துக்காக நம் குடும்பங்கள் இவ்விடத்தை ஒதுக்குகின்றன என்று எண்ணுகிறேன். புறப்படும் முன் எங்கள் உறவினர்களே முகம் சுளித்தார்கள். நாங்கள் இருவரும் மது அருந்துவதில்லை. நான்கு நாளும் யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. விவசாயிகளின் வீட்டு வாசலிலேயே திராட்சைச் சாறு புட்டியில் விற்கிறார்கள், அதை வாங்கிக் குடித்தோம். அருந்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: சுவிஸ் ஒயினில் மிகச் சிறு பங்கே அந்நாட்டை விட்டு வெளியே போகிறது என்பதால், அங்கேயே சுவைத்தால்தான் உண்டு.

ஏரியைக் கரையிலிருந்து பார்ப்பது ஒரு பாதி. மறு பாதி நீரிலிருந்து பார்ப்பது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் இன்றும் அங்கே பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. 1910இல் கட்டிய 'லா சுவிஸ்' அவற்றுள் ஒன்று. நடுத்தளத்தில் நின்றால் நீராவி இயந்திரத்தின் தண்டுகள் சுழல்வதைக் கண்ணால் காணலாம். நாள்தோறும் ஊர் மாறிச் சுற்றுவோர் வாங்கும் சுவிஸ் பயண அட்டை இக்கப்பல்களுக்கும் செல்லும். ஒரே இடத்தில் தங்கிச் சுற்றும் எங்களைப் போன்றவர்களுக்கோ ஒரு மாதத்துக்கான அரைக் கட்டண அட்டையே சிக்கனமாக இருந்தது. கோடைக்கும் மற்ற மாதங்களுக்கும் கப்பல்களின் நேர அட்டவணை மாறும் என்பதால், தேதியை முடிவு செய்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும். குழந்தைகளோடு நீந்த இறங்குவோர், கரையெங்கும் உள்ள ஆரஞ்சு நிற எச்சரிக்கை விளக்குகளைக் கவனிக்க வேண்டும்: நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும் என்று பொருள், 90 முறை மின்னினால் புயல் எச்சரிக்கை, உடனே கரையேறிவிட வேண்டும்.

சைவ உணவுக்காரர்கள் சமையலறையுள்ள வாடகை வீடு எடுப்பது நல்லது. ஏரிக்கரை உணவகங்களில் மீனுக்கே முதலிடம். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் லோசானில் நம் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்; சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை காத்திருந்து பதறியவர்களை நான் அறிவேன்.

பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில்தான் நம்மவர்கள் செல்ல முடிகிறது என்பது எனக்குத் தெரியும். அப்போது கொடியில் பழம் இராது, இளந்தளிர்தான் இருக்கும். ஆனாலும் ஷியோன் கோட்டைக்கு அருகிலுள்ள மோந்த்ரோ நகருக்கு மேலுள்ள மலைப் புல்வெளிகளில் மே மாதத்தில் வெண்ணிற நார்சிசஸ் மலர்கள் பனி விழுந்தாற்போல் பூத்துக் கிடப்பதைக் காண அதுவே பருவம்.

தங்கள் இதழ் அடுத்த முறை இப்படியொரு திட்டத்தை வெளியிடும்போது, ஜெனீவாவில் ஓர் இரவைக் குறைத்துக்கொண்டாவது, குய்யியிலோ சென் சஃபோரானிலோ இரண்டு இரவுகளைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்,
உத்தமபாளையம்.