பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம்

அன்புள்ள சிவம்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. உடனே எழுத முடியவில்லை. இந்த அறுபத்திரண்டு வயதில் நான் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறேன்!

இங்கே டென்மார்க்கில் ஹொய்ஸ்கோலெ என்று ஒன்று உண்டு. வளர்ந்தவர்கள் தங்கிப் படிக்கும் இடம். நாடு முழுக்க எழுபதுக்கு மேல் இருக்கும். இளம் ஆட்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். என்னைப் போல ஓய்வெடுத்தவர்களுக்கு ஒரு கிழமை வகுப்பும் நடத்துகிறார்கள். நான் எடுத்தது சரித்திரம். காலையில் எல்லோரும் கூடிப் பாட்டு, பிறகு விரிவுரை, சாப்பிட்ட பின் முறை வைத்துக் கோப்பை கழுவல். கட்டணத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கிறது. மிச்சத்தை நாங்கள் கட்ட வேண்டும், அது கொஞ்சப் பணமில்லை. எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் அதிகம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கேள், அங்கே பரீட்சையே கிடையாது. சட்டமே அப்படித்தான். புள்ளி இல்லை, தரம் இல்லை. இந்த எண்ணத்தை விதைத்தவர் குருண்ட்விக் என்ற பாதிரியார். லத்தீன் இலக்கணத்தை உருப்போட வைத்த அந்தக் காலத்துப் பள்ளிகளைச் சாவுக்கான பள்ளி என்று திட்டியவர். குடியானவனும் நாட்டு விஷயத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால் அவனுடைய மொழியில், பேசிப் பேசியே படிக்க வேண்டும் என்றார். 1844இல் ரோடிங் என்ற ஊரில் முதல் பள்ளி தொடங்கியது. 1864 போரில் அந்த ஊர் ஜெர்மன்காரர் கைக்குப் போக, பள்ளியை எல்லைக்கு இந்தப் பக்கம் அஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். தோற்றுப்போன அந்த வருடங்களில்தான் ஊருக்கு ஊர் இப்படிப் பள்ளிகள் முளைத்தன. பனிக்காலத்தில் தோட்ட வேலை இல்லாத பெடியன்கள் வந்து படித்தார்கள். 1882க்குப் பிறகு கூட்டுறவுப் பால் பண்ணைகளைக் கட்டி எழுப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை வாசிக்கும்போது உன் நினைவு வராமல் இருக்குமா? ஏ.எல். பரீட்சை தவறிய நாளிலிருந்து நீ உன்னைப் படிக்காதவன் என்றே சொல்லி வருகிறாய். எனக்கு அது நாற்பது வருடமாக நெஞ்சில் குத்துகிறது.

ஒரு நாள் என்னோடு கோப்பை கழுவிய ஒரு அம்மா, ஓய்வுபெற்ற வைத்தியர், உங்கள் ஊரில் ஆறு இல்லாமல் எப்படித் தோட்டம் செய்தீர்கள் என்று கேட்டார். உன் ஐயா கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்ததையும், நாங்கள் இருவரும் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறியதையும் சொன்னேன். அடுத்த நாள் காலை அதையே எல்லோருக்கும் சொல்லும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். தொழிற்சாலை முடிந்து இரவு வகுப்பில் படித்த டேனிஷில் இருபது நிமிடம் பேசினேன், சிவம். கேள்விக்கு மேல் கேள்வி. அரைவாசிக்கு எனக்கு விடை தெரியவில்லை, உனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன். வாசிகசாலை பின்னேரத்தில் சும்மாதானே கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். ஊர்க் குளங்களின் பெயர், எது எப்போது தூர்ந்தது, எந்தக் கிணறு எப்போது உப்பானது, எல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நாலு பேரைக் கூப்பிட்டு அதைச் சொல்லேன். முதலில் தேநீருக்குத்தான் வருவார்கள், வரட்டும். கேள்வி கேட்க விடு, அவர்களுக்குத் தெரிந்ததையும் சொல்லவிடு.

முதல் கிழமை யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுது. தை மாதம் ஊருக்கு வருகிறேன். பின் வாங்கில் எனக்கும் ஒரு இடம் வை.

அன்புடன்,
ராசன்