வாத்தியாருக்கு கிளிக் வேண்டாம்

அன்புள்ள மாப்ளே,

பாட்டுப் பதிவுக்கு எந்த மென்பொருள் வாங்கலாம் என்று பொங்கலுக்கு நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், திட்டாதே. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. வாத்தியாரின் நாகஸ்வரத்தை ஒருவழியாகப் பதிவு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் வீண். வழக்கம்போல ஹெட்போனில் கிளிக்கை, அதுதான் தாளம் தட்டும் டிக் டிக் சத்தத்தை, ஓடவிட்டேன். தோடியைத் தொட்டவர் நாலு மூச்சுகூட வாசிக்கவில்லை. சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இந்த டிக் டிக்கை நிறுத்துப்பா, எனக்கு சுருதி போதும்" என்றார். ஆலாபனைக்கு ஏது தாளம்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் நான் பதிவு செய்யும் ரீப்பர் மென்பொருளில் கிளிக், தாளக் கணக்குக்குக் கோடு போட்ட கிரிட் இரண்டையும் அணைத்தேன். இரண்டு மைக், காதில் தம்புரா மட்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் வாசித்தார். என் பழைய லேப்டாப் ஓர் இடத்திலும் திணறவில்லை. ரீப்பரை 60 நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர்தான்.

சினிமாக்காரர்கள் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகப் புரோ டூல்ஸ் வாங்கப் போகிறாயா? வேண்டாம்டா. மிக்ஸிங் தியேட்டருக்குக் கோப்பு அனுப்புகிறவனுக்கு அது தேவை. உனக்கு எதற்கு? லாஜிக் ஆப்பிள் கருவிகளில்தான் ஓடும், அந்தப் பேச்சே வேண்டாம். பாப்பா பீட் போட ஆசைப்படுகிறாள் என்றால் எஃப்எல் ஸ்டூடியோ வாங்கிக் கொடு. 16 கட்டத்தில் கிக், ஸ்நேர் என்று டிரம் சத்தங்களைத் தட்டித் தட்டியே கற்றுக்கொள்வாள். ஒருமுறை வாங்கினால் புதுப் பதிப்புகளுக்கும் காசு கேட்பதில்லை. நீ மேடையில் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துண்டு, விட்டு வாசிக்க நினைத்தால் மட்டும் ஏபிள்டன் லைவ். அதில் ஒரு துண்டைத் தட்டினால், அடுத்த ஆவர்த்தம் தொடங்கும் இடத்தில் தானாகச் சேர்ந்துகொள்ளும்படி வைக்கலாம்.

எனக்கு உள்ளுக்குள் அரிப்பதே வேறு. எதைத் திறந்தாலும் கீபோர்டின் பன்னிரண்டு கட்டைதான் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஸ-விலிருந்து ப-வுக்கு ஒரு ஜாரு, அதாவது வழுக்கல், இழுக்க ஏழு அரைச்சுரம் வேண்டும், கீபோர்டில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் பெரும்பாலும் இரண்டோடு நின்றுவிடும். பன்னிரண்டாகக் கூட்டினேன். விரல் இம்மி நகர்ந்தாலும் சுரம் எகிறுகிறது. எஃப்எல்லில் சுரத்தையே சறுக்கவிடலாம்தான், ஆனால் அதன் சொந்த வாத்தியங்களில் மட்டும். வெளியிலிருந்து சேர்க்கும் வாத்தியத்தில் நடக்காது. பாப்பாவை முதலில் பாட்டு வகுப்புக்கு அனுப்பு, மாப்ளே. காதுக்குள் கமகம் ஏறிய பிறகு எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் விளையாடட்டும்.

இன்னும் கீர்த்தனைகள் பாக்கி. தவில் இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்கிறார் வாத்தியார். "அந்தப் பயலைக் கூப்பிடு" என்று நேற்றும் கேட்டார். உனக்கான டிராக் காலியாகத்தான் இருக்கிறது. மாசிக்குள் வந்து சேர்.

உன்
பழைய கீபோர்டு