நோயாளியோடு வருபவருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்ததால், வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்காகத் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்து சென்றுவரும் கடற்றொழிலாளி நான். நோய் தெரிந்த புதிதில் கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தேன். கடவுள்மீது எனக்கு அவ்வளவு கோபம். என்னை அசைத்தது பிரசங்கம் அல்ல. கோயிலில் பங்குத்தந்தை, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் கத்தோலிக்கச் சடங்கான நோயில்பூசுதலை வழங்கியபோது, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பட்ட அந்த நேரத்தில், பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த என் தம்பி பின்னால் நின்று அழுததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நின்றதால், ஒரு நாள்கூடத் தவறாமல் அவனே என்னை அழைத்துச் சென்றான்.

அம்மா ஓரியூருக்கு நடந்து போய், 1693-இல் கத்தோலிக்க மறைப்பணியாளர் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக உயிர்நீத்த இடத்துச் செம்மண்ணைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்திருக்கிறார். அந்த மண் சிறுநீரகத்தைச் சரிசெய்துவிடும் என்று அவரும் சொல்லவில்லை; மருந்தை ஒருநாளும் நிறுத்தவும் விடவில்லை.

என் கோரிக்கை சிறியது. சிகிச்சை முடியும்வரை வெயிலில் நிற்கும் உறவினர்களுக்கு நிழலும் இருக்கையும் குடிநீரும், நோயாளி விரும்பினால் அவரவர் சமயத்தார் வந்து சில நிமிடங்கள் செபிக்க அனுமதியும் மருத்துவமனைகளில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தங்கச்சிமடம்