ஒரே தொட்டியில் இரண்டு வேலை நடக்காது

கொழும்பு 6

மச்சான்,

கடிதம் கிடைத்தது. அங்கே மழை பொய்த்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே வெள்ளவத்தையில் பின்னேரமானால் கொட்டுகிறது. நகரத்துக்குள் பழைய குழாய் கடல் வரை கொண்டுபோகிறது. எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் செப்டிக் டாங்கும், அதை உறிஞ்சி எடுக்கவரும் கலி பவுசர் வண்டியும்தான்.

விடுதிக்குக் கட்டப்போகும் மூடிய தொட்டியைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறாய். சேருகிற மலம் செரிக்கவும் வேண்டும், கிருமி சாகவும் வேண்டும், பிறகு தென்னைக்கு ஊற்றவும் வேண்டும் என்கிறாய். ஒரே தொட்டியில் அது நடக்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அமோனியா: கிருமியைக் கொல்வதும் அதுதான், செரிமானத்தைக் கெடுப்பதும் அதுதான்.

ஓர் ஆள் ஒரு நாளைக்கு வெளியேற்றும் நைதரசன் ஏறக்குறைய 11 கிராம், அதில் பெரும்பங்கு சிறுநீரில் யூரியாவாக இருக்கிறது. மலத்தில் உள்ள பற்றீரியாக்களின் யூரியேசு என்ற நொதியம் அதைச் சில நாட்களுக்குள் அமோனியாவாக உடைத்துவிடும், காரத்தன்மையைக் காட்டும் பி.எச் ஏறும். கிருமியைக் கொல்வது அமோனியம் அயன் அல்ல, அயனாகாமல் நிற்கும் சுயாதீன அமோனியா. 30 பாகை செல்சியசில் பி.எச் 7 என்றால் மொத்த அமோனியாவில் ஒரு வீதம்கூடச் சுயாதீனமாக இராது. 8 ஆனால் 7 அல்லது 8 வீதம், 9 ஆனால் 45 வீதம் அளவு. பி.எச் ஒன்று கூடினால் நிலைமையே மாறிவிடுகிறது.

இனி கணக்கைப் பார். வாளியால் ஊற்றும் கக்கூசில் ஆளுக்கு 10 லீற்றர் என்று வைத்தால் லீற்றருக்கு 1.1 கிராம் நைதரசன். பி.எச் 8இல் சுயாதீன அமோனியா 80 மில்லிகிராமைச் சுற்றி நிற்கும். குடற்புழு முட்டைக்கு அது காணாது. ஆனால் அமோனியாவுக்குப் பழகாத மெதேன் அங்கிகள் (செரிமானத்தின் கடைசியில் மெதேன் வாயு விடும் நுண்ணுயிர்கள்) 100, 200 மில்லிகிராமிலேயே தடுமாறத் தொடங்கும். தண்ணீரைக் குறைத்தால் கிருமி சாகத் தொடங்குமுன் செரிமானம் கெடும். பிளஷ் டாங்க் வைத்து ஆளுக்கு 40 லீற்றர் ஆக்கினால் செரிமானம் நடக்கும், கிருமி அப்படியே இருக்கும்.

ஆகவே என் யோசனை, சிறுநீரைத் தனியாக எடு. நீர் கலக்காத சிறுநீர் சேமிப்பில் பி.எச் 9ஐ எட்டும். லீற்றருக்குப் பல கிராம் நைதரசன் இருப்பதால் சுயாதீன அமோனியாவே கிராம் கணக்கில் வரும். உலக சுகாதார அமைப்பின் 2006 வழிகாட்டியில் எல்லாப் பயிருக்கும் பாவிக்க 20 பாகையில் 6 மாதம் என்று இருக்கிறது. உங்கள் பக்கத்து வெக்கையில் இன்னும் கெதியாக வேலை நடக்கும். ஆனாலும் காலத்தைக் குறைக்காதே. இரண்டு பிளாஸ்டிக் டாங்க் வை: ஒன்று நிரம்பும்போது மற்றது மூடியபடி கிடக்கட்டும். உள்வரும் குழாய் அடிமட்டம் வரை இறங்கவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அமோனியா மேலே கிளம்பிப் போகும். பி.எச் ஏறியதும் மகனீசியம், கல்சியம் பொசுபேற்றுகள் உப்பாகப் படிந்து குழாயை அடைக்கும். 75 மில்லிமீற்றர் குழாய், ஒரு வீதத்துக்குக் குறையாத சரிவு. அடைத்தால் வினாகிரி ஊற்றி ஊறவிடு.

மலத் தொட்டிக்கு வருவோம். புதிதாக நிரப்பும் தொட்டியில் முதலில் பெருகுவது நொதிக்க வைக்கும் பற்றீரியாக்கள். அவை கொழுப்பமிலங்களைக் குவிக்கும். ஊசிய வெண்ணெய் மணம் அதுதான். மெதேன் அங்கிகள் மெதுவாக வளர்பவை, அந்த அமிலத்தைத் தின்ன ஆள் போதாது. அதனால் முதல் நாளே வேலைசெய்யும் பழைய தொட்டியிலிருந்து அடிமண்டி எடுத்துப் போடு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது. பவுசர்க்காரர் ‘சுத்தமாக’ கழுவித் தருகிறேன் என்றால் விடாதே, அடியில் கொஞ்சம் மிஞ்சவேண்டும். குளோரின், அமிலம் எதுவும் உள்ளே போகக்கூடாது. கடையில் விற்கும் ‘செரிமானத் தூள்’ வாங்கப் பணம் செலவழிக்காதே, பற்றீரியாக்கள் மலத்திலேயே கோடிக்கணக்கில் வந்து விழுகின்றன.

அடிமண்டியும் மிதக்கும் படையும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வந்தால் இறைக்கவேண்டும். தடியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி எடுத்தால் கறை எல்லையைக் காட்டும். பி.எச் பார்க்க மேல் தண்ணீரை மட்டும் அள்ளாதே, அடியிலும் நடுவிலும் எடு. எடுத்தவுடன் அள: காபனீரொட்சைட்டு வெளியேறினால் பி.எச் பொய்யாக ஏறும்.

இறைத்த மண்டியை அப்படியே தென்னைக்குப் போடாதே. மூடிய பீப்பாயில் 1,000 லீற்றருக்கு 20 கிலோ யூரியா கலந்து, காற்றுப் புகாமல் 2 மாதமாவது வை. மலத்தில் உள்ள அதே நொதியம் இங்கே நமக்கு வேலைசெய்யும். மூடி இளகியிருந்தால் போட்ட யூரியா காற்றில் போய்விடும்.

இன்னொன்று மிக முக்கியம். உங்கள் கிணற்றில் கடல் உப்பு ஏறியிருந்தால் சல்பேற்றும் கூட வரும். சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் மெதேன் அங்கிகளின் உணவைப் பறித்து ஐதரசன் சல்பைட்டு வாயு விடும்: ஒரு கிராம் சல்பேற்றுக்கு 0.35 கிராம். அது ஈரக் கூரையில் கந்தக அமிலமாகி கொங்கிறீற்றை அரிக்கும். அதைவிடப் பயங்கரம், 100 பிபிஎம் (காற்றில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு) அளவில் மூக்கே மரத்துப்போகும், மணம் நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று ஆள் நினைத்துவிடுவான். ஒருவர் விழுந்தால் தூக்க இறங்குபவரும் போவார். மூடி திறந்து எவரையும் இறக்கவிடாதே, தலையைக்கூட உள்ளே நீட்டவிடாதே. காற்றுக் குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்து.

சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறுகுழி வெட்டவேண்டாம் என்று நீயே எழுதியிருக்கிறாய், சரிதான். அமோனியா காற்றுபட்ட மண்ணில் நைத்திரேற்றாகி வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குப் போகும். குடிநீருக்கு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனால் தெளிந்த நீரையும் அடியில் நீர் கசியாத, மணல் நிரப்பிய புல் படுகை வழியாக விடு.

கட்டத் தொடங்குமுன் கிணற்று நீரின் சல்பேற்று அளவையும் ஆட்கள் எண்ணிக்கையையும் எழுதி அனுப்பு. தொட்டி அளவைப் போட்டுத் தருகிறேன்.

உன் நண்பன்