அப்பா பெயரில் ஒரு கட்டளை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தை மாதம் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவோம். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

அப்புறம், உன் அப்பா பெயரில் நம் பள்ளிக்கு நுழைவாயில் வளைவு கட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். போன வாரம் உள்ளே போய்ப் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த குடிநீர் இயந்திரம் வராந்தாவில் நிற்கிறது. ஃபில்டர் மாற்ற ஆளில்லை. குழாயில் யாரோ சாப்பாட்டுப் பையை மாட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

காரைக்குடியில் இருந்துகொண்டு அழகப்பச் செட்டியாரைப் பேசாமல் முடியுமா? கல்லூரியும் பல்கலைக்கழகமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்தான். மத்திய அரசு மின்வேதியியலுக்கு ஓர் ஆய்வகம் தொடங்க இருந்தபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து அதை இந்த வறண்ட சீமைக்கு இழுத்து வந்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது, மின்முலாம், பேட்டரி என்று இன்றைக்கும் வேலை நடக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரில் அவர் பெயர் கிடையாது.

அவர் கொடுத்தது இடமும் முதலும். நடத்தும் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. 1957இல், 48 வயது முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். ஆய்வகத்தின் அன்றாடச் செலவு அவர் கையை நம்பி இல்லாததால் அது பாட்டுக்கு நடந்தது. நம் பள்ளிக்கூட இயந்திரத்துக்கு அப்படி ஒரு பொறுப்பாளி அமையவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் வளைவுக்கு வைத்திருக்கும் பணத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போடு. கோயில் விளக்குக்குக் கட்டளை வைப்பார்களே, அந்த மாதிரி. வருகிற வட்டியில் ஃபில்டர் மாற்றலாம், கழிப்பறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கலாம். அப்பா பெயர் வேண்டுமென்றால் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.

சரி என்றால் சொல், தலைமையாசிரியையிடமும் மேலாண்மைக் குழுவிடமும் நான் பேசுகிறேன். உன் தம்பி வளைவுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பான். அவனை நீதான் சமாளிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்